ஏழாங்கட்டை முனியாண்டியும் இமயமலைப் பனியும்

பனியின் பருமனை ஒழுங்காக அளக்கிறோமா என்று சோதித்துப் பார்க்க, பனியே விழாத ஊருக்கு என்னை அனுப்பினார்கள். மலேசியாவில், பேராக் மாநிலத்தில், ஈப்போ. டெஹ்ராடூனில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த என் மனைவி கம்பளிச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கே குளிருமா என்று கேட்டாள். வேர்க்கும் என்றேன். பனி உண்டா என்றாள். கிடையாது என்றேன். சட்டையைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, அரசாங்கச் செலவில் ஊர் சுற்ற இதைவிட நல்ல காரணம் கிடைக்கவில்லையா என்று கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

விஷயம் இது. எண்பதுகளின் பிற்பாதியில் எங்கள் அலுவலகம் இமயமலையில் ஒரு பனியாற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பனியின் மேல்மட்டம் பழைய வரைபடத்தில் எவ்வளவு உயரத்தில் இருந்தது, இப்போது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துக் கழித்தால், நடுவில் எவ்வளவு பருமன் கரைந்தது என்று தெரிந்துவிடும். இப்போதைய உயரத்துக்காக அங்குலம் அங்குலமாக மலையேற வேண்டாம். செயற்கைக்கோள் ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் எடுத்த படங்களை வைத்து மேசையில் உட்கார்ந்தே கணக்கிடலாம். கணக்கிட்டவன் நான். விடை பதினான்கு மீட்டர். அந்தப் பதினான்கை எங்கள் மேலாளர் வரதன் சார், கும்பகோணத்துக்காரர், வீட்டுக்கு வந்த முதல் பேரனைப் போலக் கொண்டாடினார். அறிக்கை தேறினால் எங்கள் பிரிவு நிரந்தரமாகும். பிரிவு நிரந்தரமானால் ஏழு வருடமாகத் தற்காலிகமாகவே இருந்த என் வேலையும் நிரந்தரமாகும்.

ஒரு கூட்டத்தில் யாரோ ஒருவர் மட்டும் வாயைத் திறந்தார். செயற்கைக்கோள் சொல்லும் உயரத்தில் பிழை எத்தனை மீட்டர் என்று கேட்டார். பிழையே பதினைந்து மீட்டர் என்றால் எங்கள் பதினான்குக்கு அர்த்தம் கிடையாது. பதில் சொல்ல வேண்டுமானால், உயரம் துல்லியமாகத் தெரிந்த பல இடங்களில் செயற்கைக்கோளைச் சோதிக்க வேண்டும். பனியாற்றங்கரையில் அப்படி இருப்பது ஒரே ஒரு கல். பழைய காலத்து நிலஅளவைக்காரர்கள் உயரம் அளந்து, குறி செதுக்கி வைத்துவிட்டுப் போனது. பூசணிக்காய் அளவு இருக்கும். அதை வைத்துத்தான் நாங்கள் பனியின் மொத்த உயரத்தையும் நிர்ணயித்திருந்தோம். அதை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு அதை வைத்தே சரிபார்க்க முடியாது.

கல் இருக்கும் இடத்தைக் குறித்துவர ஒரே ஒரு தடவை அங்கே ஏறிப் போயிருந்தேன். ஆடு மேய்ப்பவர்கள் அந்தக் கல்லுக்குச் சிவப்புத் துணி சுற்றி அம்மனாக்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர், இவள் மேலே ஏறி வந்தவள் என்று சொன்னதை, என்னுடன் வந்த சுமைக்காரர் மொழிபெயர்த்தார். நல்ல ஐதீகம் என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு, நானும் ஒரு சிட்டிகை குங்குமம் வைத்துவிட்டு, பக்கத்தில் கருவியை நிறுத்தினேன்.

பேராக்கில் அப்படியில்லை. ஈயச் சுரங்கமும் ரப்பர்த் தோட்டமும் கொழித்த காலத்தில் சாலையோரமெல்லாம் கல் நட்டு, ஒவ்வொன்றின் உயரத்தையும் சென்டிமீட்டர் சுத்தமாக எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கல்லுக்கு மட்டக்கல் என்று பெயர். அதே செயற்கைக்கோள் அந்த ஊரையும், மேகம் விலகியிருந்த அபூர்வமான ஒரு நாளில், படம் பிடித்திருந்தது. அங்கிருந்த நிலஅளவை அலுவலகமும் எங்களைப் போலவே படத்தை நம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததால், வந்து சேர்ந்து பார்க்கலாம் என்று எழுதினார்கள். வரதன் சார் வழியனுப்பும்போது, "அங்க கல்லு நட்டா நட்ட எடத்துல நிக்கும்யா. நம்ம பனிமலை மாதிரி நகராது. ஒரே ஒரு நம்பரோட திரும்பி வா, சின்ன நம்பரா இருக்கட்டும்" என்றார்.

ஈப்போவில் இறங்கிய முதல் நாளே என் வேலையைப் பற்றி விளக்குவதை விட்டுவிட்டேன். விடுதிக்காரர் என்ன உத்தியோகம் என்று கேட்டார். பனியை அளப்பது என்றேன். ஐஸ் ஃபேக்டரி சாலையின் மறுமுனையில் இருக்கிறது என்று வழி சொன்னார்.

அலுவலகத்தில் எனக்குப் பொறுப்பாக இருந்தவர் குலசிங்கம். அப்பா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் சேர்ந்த குடும்பம். வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்ட கால்சட்டை, மூன்று நிறத்தில் மூன்று பென்சில். அந்த வெக்கையில் அவர் சட்டையில் ஒரு சுருக்கம் விழுந்து நான் பார்க்கவில்லை. என்னிடம் பதினொரு அட்டைகளை நீட்டினார். பதினொரு மட்டக்கற்கள். ஒவ்வோர் அட்டையிலும் கல்லின் எண், உயரம், எந்தச் சாலையில் எத்தனையாவது மைல், பக்கத்தில் என்ன அடையாளம் என்று நான்கே வரிகள். நான் போய்க் கல்லைப் பார்க்க வேண்டும். அது நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் கண்டுபிடித்து ஊசியால் ஒரு துளை போட வேண்டும். பிறகு அந்தத் துளையில் செயற்கைக்கோள் சொல்லும் உயரத்தையும் அட்டையில் உள்ள உயரத்தையும் ஒப்பிட வேண்டும். வித்தியாசம்தான் பிழை. "கல்லுகள் எல்லாம் பத்திரமாத்தான் இருக்குது. கல்லுக்கு எங்க போகத் தெரியும்?" என்றார் குலசிங்கம்.

மத்தியானம் சாப்பிட, அலுவலக ஜீப்பின் ஓட்டுநர் மாரியப்பன் என்னைச் சீனர் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனார். தெற்கே சுங்காய் என்ற ஊர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். இப்போது அரசாங்கச் சம்பளக்காரர். ஈப்போவுக்கு வந்துவிட்டுக் கோழியும் முளைப்பயறும் சாப்பிடாமல் போகக் கூடாதாம். நான் கோழி சாப்பிடுவதில்லை. அதனால் முளைப்பயறு மட்டும் கேட்டேன். குட்டையாக, குண்டாக, கடித்தால் நறுக்கென்று உடையும் முளை. டெஹ்ராடூனில் இத்தனை வருடம் நான் தின்றதெல்லாம் வைக்கோல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்து மேசையில் இரண்டு சீனப் பெரியவர்கள் என்னையே பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று மாரியப்பனைக் கேட்டேன். தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். முதலாமவர்: கோழி வேண்டாம் என்கிறானே, உடம்பு சரியில்லையோ. இரண்டாமவர்: கையில் காசு இருக்காது, பாவம், பார்த்தாலே தெரிகிறது. போகும்போது முதலாமவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் வடக்கே தைப்பிங். மழை. அங்கே மழை பெய்யாத நாளைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார் மாரியப்பன். ஓர் அரசாங்க அலுவலகத்தின் பின்னால் இருந்த கல்லில் சைக்கிள்களைச் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். கமுந்திங்கில் தொழிற்பேட்டைச் சாக்கடைக்குள் இன்னொன்று. அதன் எண்ணைப் படிக்க நான் முழங்காலளவு தண்ணீரில் இறங்கினேன். மாரியப்பன் கரையில் நின்று எனக்குக் குடை பிடித்தார். அந்தக் குடை எதற்கென்று இருவருக்குமே விளங்கவில்லை, ஆனால் அவர் கடைசிவரை மடக்கவில்லை.

மூன்றாம் நாள் ஈயம் எடுத்துவிட்டுக் கைவிட்ட மணல்வெளியில் ஜீப் அச்சுவரை புதைந்தது. வெள்ளை மணல், நடுநடுவே பச்சைக் குளங்கள், சுற்றிலும் செங்குத்தான சுண்ணாம்புக் குன்றுகள். தூரத்திலிருந்து அந்த மணலைப் பார்த்தபோது எனக்குப் பனி ஞாபகம் வந்தது. இறங்கிக் கால் வைத்ததும் போய்விட்டது. இரண்டு மணி நேரம் தள்ளினோம். கடைசியில் வாத்து மேய்க்கும் ஒரு சீனப் பெண்மணி தகர ஷீட்டைக் கொண்டுவந்து சக்கரத்தடியில் போட்டார். பிறகு மலாயில் ஏதோ சொன்னார். மாரியப்பன் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

நான்காம் நாள் தெற்கே, சுங்காய்ப் பக்கம். மூன்று கற்கள் ரப்பர் மரங்களுக்கு அடியில் இருந்தன. செயற்கைக்கோளுக்கு மரத்தின் தலைதான் தெரியும், தரை தெரியாது. ரப்பர் இலைகளின் உச்சியைத்தான் பேராக் மாநிலத்தின் தரை என்று அது நம்பிக்கொண்டிருந்தது. பனியாற்றில் மரம் கிடையாது. அதனால் அந்த மூன்றையும் கணக்கிலிருந்து தள்ளலாம் என்று குலசிங்கம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார்.

கடைசி அட்டை எண் 3146. ஏழாவது மைல், தோட்டத்து முனியாண்டி கோயில் வாசல் என்று போட்டிருந்தது. மாரியப்பன் அட்டையை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. முனியாண்டி கோயில் அவருக்குத் தெரியாதா. எதிரே புதிய குடியிருப்பு. மரமில்லாத வெட்டவெளி. புதுப் பெயிண்ட் அடித்த கோயில். வாசலில் கல். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழ மாலை. மஞ்சளைத் துடைத்துப் பார்த்தேன்: 3146. சந்தோஷமாக ஊசியால் துளை போட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் தேங்காய்ச் சோறு சாப்பிட்டு, திரும்பி வரும் வழியெல்லாம் தூங்கினேன்.

சாயங்காலம் அலுவலகத்தில் கணக்குப் போட்டபோது தூக்கம் கலைந்தது. எட்டுக் கற்கள் மிச்சம். ஏழு கற்களில் பிழை மூன்று, நான்கு, ஐந்து மீட்டர். எட்டாவது கல், முனியாண்டி, இருபத்துமூன்று மீட்டர். அட்டை சொன்ன உயரத்துக்கு இருபத்துமூன்று மீட்டர் கீழே அது நிற்கிறது என்றது செயற்கைக்கோள். அதைச் சேர்த்தால் மொத்தப் பிழை ஒன்பது மீட்டருக்குப் போய்விடும். பதினான்கு மீட்டர் கரைந்தது, ஒன்பது மீட்டர் கூடக்குறைய இருக்கலாம் என்று எழுதிக்கொண்டு எந்தக் கூட்டத்துக்கும் போக முடியாது. சேர்க்காவிட்டால் பிழை நான்கு மீட்டர். நான் நிரந்தர ஊழியன். ஒரே ஒரு கல்தானே, தள்ளிவிடலாமே என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

குலசிங்கம் பச்சைப் பென்சிலைக் கீழே வைத்தார். "காரணம் இல்லாமல் ஒரு கல்லையும் தள்ள ஏலாது, ஐயா. பிடிக்காத கல்லையெல்லாம் தள்ளினால் உலகத்தில ஆருக்குமே பிழை வராது."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் கூடுதலாகவே வந்தது.

ஐந்தாம் நாள் ஞாயிறு. மாரியப்பனுக்கு விடுமுறை. காரணம் தேடி நானே பஸ் பிடித்தேன். சுங்காயில் இறங்கி, தோட்டச் சாலையில் போகும் சின்ன பஸ்ஸில் ஏறி, அட்டையைப் பார்த்து ஏழாவது மைலுக்கு டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் தமிழர். "ஏழாங்கட்டையா?" என்றார். கட்டை வேண்டாம், மைல் என்றேன். "அதான்லா, ஏழாங்கட்டை" என்று டிக்கெட்டைக் கிழித்தார். ஏழாவது மைலில் அடையாளத்துக்கு ஏதோ கட்டை இருக்கிறது போலும், உள்ளூர்க்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இறங்கிய இடம் முந்தைய நாள் பார்த்த இடமே இல்லை. கோயில் இல்லை, கடை இல்லை. ஒரு மேடு. மேடு முழுக்க ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, நடுவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்றுகள் வைத்திருந்தார்கள். எங்கு பார்த்தாலும் வெட்டிய அடிமரங்கள். கட்டைகள். எனக்குப் புரிந்துபோயிற்று: ஏழாவது கட்டை. சாலையோரத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே மேட்டில் ஏறினேன். ஏழாவது கட்டையில் எறும்புதான் இருந்தது. வரிசை தப்பாக இருக்கலாம் என்று கீழே இறங்கி அடுத்த வரிசையை எண்ணினேன். மூன்றாவது வரிசையில் ஐந்தாவது கட்டையில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"அண்ணே, மரத்த எண்ணுறதுன்னா வெட்டுறதுக்கு முந்தியில்ல வந்திருக்கணும்?"

அவர் பெயர் சரோஜா. ஐம்பது வயதிருக்கும். கையில் பை நிறைய ஓடையோரம் பறித்த கீரை. இதே தோட்டத்தில் இருபத்தைந்து வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், இப்போது கோயில் வாசலில் தின்பண்டக் கடை வைத்திருக்கிறார் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. நான் என் ஆராய்ச்சியை விளக்கினேன். முதலில் கீரைப் பையைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு நிற்க நேரமாயிற்று. இந்த ஊரில் கட்டை என்றால் மைல். ஏழாங்கட்டை என்றால் ஏழாவது மைல். நான் சரியான இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், ஒரு மணி நேரமாக.

"அப்ப கோயில்?" என்றேன்.

"கோயிலு நாலாங்கட்டையிலலா. இங்கதான் மொதல்ல இருந்துச்சி. வாங்க."

மேட்டின் உச்சிக்குக் கூட்டிப்போனார். அங்கே சதுரமாக ஒரு குழி. முழங்கை ஆழம். மழைத்தண்ணீரும் ஒரு தவளையும்.

தோட்டம் கைமாறியபோது தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டு, கோயிலுக்கு நாலாங்கட்டையில் இடம் கொடுத்தார்களாம். முனியாண்டியின் வேல், அரிவாள் எல்லாம் எடுத்தாயிற்று. வாசலில் இருந்த கல்லை என்ன செய்வது என்று பஞ்சாயத்து நடந்தது. சிலர் அது வெறும் கல் என்றார்கள். சரோஜா அக்காதான் விடவில்லை. ஒரு காலத்தில் அந்தக் கல்லில் வெட்டியிருந்த நாலு நம்பரை லாட்டரியில் கட்டி, தோட்டத்தில் பாதிப் பேருக்குப் பரிசு விழுந்திருக்கிறது. அன்றையிலிருந்து சீனர்களும் வந்து அதற்கு ஊதுபத்தி ஏற்றினார்கள். அப்படிப்பட்ட கல்லை எப்படி விட்டுவிட்டுப் போவது. கடப்பாரை போட்டு நெம்பி, மேளத்தோடு லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், புதுக்கோயில் வாசலில் நட்டுவிட்டார்கள்.

அது அரசாங்கக் கல் என்று தெரியாதா என்று கேட்டேன். நம்பர் போட்டிருந்ததே.

"சாமி நம்பருன்னு நெனைச்சோம்" என்றார். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. எனக்கும் அதைத் தேடத் தோன்றவில்லை. குழியின் இடத்தைப் படத்தில் கண்டுபிடித்து ஊசியால் துளை போட்டேன். இருபத்துமூன்று மீட்டர் பிழையைச் செய்தது செயற்கைக்கோள் அல்ல. முனியாண்டி வீடு மாறியிருக்கிறார், அவ்வளவுதான். சந்தோஷத்தில் எனக்கு அந்தத் தவளையைத் தூக்கிக் கொஞ்சலாம் போலிருந்தது.

பஸ்ஸில் சரோஜா அக்காவுடனே நாலாங்கட்டைக்கு வந்தேன். அவர் கடையில் ஐஸ் கச்சாங் உண்டு. பனிக்கட்டியைச் சீவி மலைபோலக் குவித்து, சிவப்பும் பச்சையுமாகப் பாகு ஊற்றி, அடியில் வேகவைத்த பயறும் சோளமும் போட்டுத் தருகிறார்கள். அடியில் என்ன இருக்கிறது என்று மேலே பார்த்தால் தெரியாது. கரண்டியால் குத்தித்தான் பார்க்க வேண்டும். பனியாற்றையும் இப்படிக் குத்திப் பார்க்க முடிந்தால் எனக்கு மூன்று வருடம் மிச்சமாகியிருக்கும். இரண்டாவது கிண்ணமும் சொன்னேன். பேச்சுவாக்கில், சாமியை இப்படி இடம் மாற்றலாமா என்று கேட்டேன். குறையாகக் கேட்கவில்லை, சும்மா கேட்டேன்.

சரோஜா அக்கா ஐஸ் சீவுவதை நிறுத்தினார். "நாங்க எங்க மாத்தினோம்? நாங்க போனோம், அவரும் எங்க கூட வந்தாரு. ஆளுங்க இல்லாத எடத்துல சாமி மட்டும் தனியா என்னா செய்வாரு?"

கரண்டி என் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. இவள் மேலே ஏறி வந்தவள். சிவப்புத் துணி சுற்றிய கல்லைக் காட்டி அந்த ஆடு மேய்ப்பவர் சொன்னது அதுதான். ஐதீகம் என்று எழுதிக்கொண்டேனே. அவர் எனக்கு ஐதீகம் சொல்லவில்லை, விலாசம் மாறிய விவரத்தைச் சொல்லியிருக்கிறார். பூசணிக்காய் அளவுக் கல். இரண்டு பேர் இருந்தால் தூக்கிவிடலாம். ஆடுகள் மேயும் இடம் மேலே மேலே போகப் போக, அவர்கள் அம்மனையும் கூட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள்.

மேசையில் கிடந்த தாளில் கணக்குப் போட்டேன். கல் மேட்டுக்கு ஏறிவிட்டது. நாங்கள் அது பழைய இடத்திலேயே இருப்பதாக நினைத்துப் பழைய உயரத்தையே அதற்குக் கொடுத்தோம். அப்படியானால் கல்லோடு சேர்ந்து பனியாறு மொத்தமும் எங்கள் கணக்கில் அத்தனை மீட்டர் கீழே இறங்கிவிடும். பதினான்கு மீட்டர் மேட்டுக்கு ஏற்றியிருந்தால், பதினான்கு மீட்டர் பனி கரைந்ததாக விடை வரும். பனி ஒரு சொட்டுக்கூட உருகியிருக்க வேண்டியதில்லை. எத்தனை மீட்டர் ஏற்றினார்களோ, யாருக்குத் தெரியும். மூன்று வருடமாக நான் அளந்தது பனியையா, ஒரு தெய்வம் வீடு மாறிய தூரத்தையா என்று எனக்குத் தெரியவில்லை. கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். சரோஜா அக்கா பாகு அதிகமாகிவிட்டதா என்று கேட்டார்.

ஆறாம் நாள் குலசிங்கத்திடம் குழியைப் பற்றிச் சொன்னேன். என் அம்மனைப் பற்றிச் சொல்லவில்லை. குழியின் இடத்தில் படித்துப் பார்த்தபோது செயற்கைக்கோளுக்கும் அட்டைக்கும் இரண்டே மீட்டர்தான் வித்தியாசம். குலசிங்கம் அந்தக் கணக்கைத் தானும் ஒரு முறை போட்டுப் பார்த்தார். இளம் வயதில் அந்தக் கல்லின் உயரத்தை அளந்த குழுவில் அவரும் இருந்திருக்கிறார். பிறகு மாரியப்பனை ஜீப் எடுக்கச் சொன்னார். நாலாங்கட்டையில் இறங்கி, பளபளக்கும் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, முனி கும்பிடுவதெல்லாம் தங்கள் வீட்டு வழக்கமில்லை என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, கல்லின் முன்னால் திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டார். அட்டையை வாங்கிச் சிவப்புப் பென்சிலால் எழுதினார்: 'கல் நல்ல நிலையில் உள்ளது. குடிபெயர்ந்துவிட்டது.' பின்னர் அலுவலகத்துக்கு வந்து, செயற்கைக்கோள் உயரத்தில் பிழை நான்கு மீட்டர் என்று கையெழுத்துப் போட்ட தாளை என்னிடம் கொடுத்தார்.

அன்று முழுக்க அந்தத் தாள் என் சட்டைப்பையில் இருந்தது. நான் வந்த வேலை முடிந்துவிட்டது. சின்ன நம்பர் கேட்டார்கள், சின்ன நம்பர் கிடைத்தது. என்னைச் செயற்கைக்கோளைச் சோதிக்கத்தான் அனுப்பினார்கள். அம்மனைச் சோதிக்க யாரும் அனுப்பவில்லை. ஆடு மேய்ப்பவர் சொன்னது என் நாட்குறிப்பில் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்தால் யாருக்கும் தெரியாது. இப்படியெல்லாம் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நன்றாகவே யோசித்தேன். விடுதியில் கத்தரிக்கோல்கூடக் கேட்டு வாங்கினேன். கிழித்தெடுத்தால் தையல் விட்டுப்போகும் என்பதால்.

ஆனால் குலசிங்கம் எழுதிய அந்தச் சிவப்பு வரி தொந்தரவு செய்தது. தான் அளந்த கல் தனக்குத் தெரியாமலே நகர்ந்துவிட்டதை, தன் கையாலேயே அட்டையில் எழுதிவிட்டு, அந்த மனிதர் நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போனார். என்னால் நாட்குறிப்பைக்கூட நேராகப் பார்க்க முடியவில்லை. கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஏழாம் நாள் காலை, தொலைபேசி அலுவலகத்துக்குப் போய் டெஹ்ராடூனுக்குப் பதிவு செய்தேன். வெளிநாட்டுக்குப் பேசும் கூண்டு ஒன்றுதான் வேலை செய்தது. அதற்கும் கதவு சரியாகச் சாத்தவில்லை. எனக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் நம் ஆட்கள், இந்தியாவுக்குப் பேச வரிசையில் நின்றார்கள். முக்கால் மணி நேரம் கழித்து வரதன் சார் கிடைத்தார். நலம் விசாரிக்கவில்லை. நம்பர் என்ன என்றார்.

"நாலு, சார்."

"நாலா! அப்ப பதினாலு நின்னாச்சு. அடுத்த வாரமே அறிக்கைய வெச்சுடலாம். உன் ஆர்டரும் கூடவே வந்துடும்."

"சார், செயற்கைக்கோள் சரியாத்தான் இருக்கு. நம்ம கல்லுதான்…"

"என்ன கல்லு?"

சொன்னேன். ஆடு மேய்ப்பவர் சொன்னதை, சிவப்புத் துணியை, சரோஜா அக்காவை, எல்லாவற்றையும் கொட்டினேன். பிறகு வரதன் சார், ஒன்றும் கேட்கவில்லை, லைன் சரியில்லை, அப்புறம் பேசலாம் என்றார். லைன் மிகத் தெளிவாக இருந்தது. அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது.

வைத்துவிடுவாரோ என்ற பயம்தான் என்னைக் கத்த வைத்தது. வாழ்க்கையில் மேலதிகாரி ஒருவரிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

"சார், நம்ம அம்மன் எடம் மாறிட்டா. மேட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க சார். மறுபடியும் போய்ப் பார்க்காம அந்தப் பதினாலுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வரதன் சார் போனை வைத்துவிட்டார். நான் கையில் ரிசீவருடன் நின்றேன். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு கதவைத் தள்ளி வெளியே வந்தால், வரிசை மொத்தமும் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. முன்னால் நின்ற ஒரு பெண், கையிலிருந்த சில்லறையை மறந்துபோய், துக்க வீட்டில் கேட்கிற மாதிரி மெல்லக் கேட்டார்.

"எந்தத் தோட்டத்து அம்மன் அண்ணே?"